பி7 கைத்துப்பாக்கியின் ஸ்லைடு திணறியபோது: என் அனுபவம்

அமெரிக்காவின் டெக்சாஸில் நான் உரிமத்துடன் இடுப்பில் அணிவது, ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் தயாரித்து 2008-இல் நிறுத்திவிட்ட பி7எம்8 என்னும் சிறிய கைத்துப்பாக்கி. கைப்பிடியின் முன்பகுதியை அழுத்திப் பிடித்தால் மட்டுமே சுடத் தயாராகி, விட்டவுடன் அடங்கிவிடும் அதன் அமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். எட்டுத் தோட்டாக்களே கொண்டாலும் எனக்கு அது போதும்.

பழைய துப்பாக்கியாக வாங்கிய சில வாரங்களில், பயிற்சிக் களத்தில் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பாகம்) திணறி, சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் குப்பிகள் சரியாக வெளியேறாமல் சிக்கின. முதலில் ஸ்பிரிங்கைச் சந்தேகித்து மாற்றினேன், பயனில்லை. குழலின் அடியிலுள்ள சிறிய சிலிண்டருக்குள் வெடிவாயு புகுந்து, ஸ்லைடுடன் இணைந்த பிஸ்டனைத் தடுத்து, ஸ்லைடு பின்னோக்கி நகர்வதைத் தாமதப்படுத்துவதே இதன் இயக்கம் என்பதால், பின்னர் அங்கேயே பார்த்தேன். கரியும் ஈயமும் இறுகப் படிந்திருந்தன. முந்தைய உரிமையாளர் உறையில்லாத ஈயக் குண்டுகளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

தோட்டாக்கள் இல்லையென இருமுறை உறுதிசெய்து, ஸ்லைடைக் கழற்றி, சிலிண்டரில் கரைப்பானை ஊற்றி இரவு முழுவதும் ஊறவிட்டேன். காலையில் பித்தளைத் தூரிகையால் பொறுமையாகத் துலக்கி, பிஸ்டனையும் துடைத்தேன். குழலிலிருந்து சிலிண்டருக்கு வாயு செல்லும் துளையைக் கம்பியால் குத்தவில்லை, ஏனெனில் அது பெரிதானால் மாற்றுக் குழல் கிடைப்பது அரிது. அதன்பின் செம்புறையிட்ட குண்டுகளால் 150 முறை சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை.