ஏற்காடு பற்றி ஒரு கட்டுரை: பேனாவைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடம்

‘ஏற்காடு’ என்று தலைப்புக் கொடுத்தால் பெரும்பாலான தாள்கள் ‘ஏழைகளின் ஊட்டி’ என்றுதான் தொடங்கும். இரண்டாவது வரியில் ‘இயற்கை எழில் கொஞ்சும்’ வந்துவிடும். அப்புறம் ஏரி, படகு, சேர்வராயன் கோயில், கிளியூர் அருவி என்று ஓடி, பக்கம் நிரம்பியதும் நிற்கும். மொழி தெரியாததால் வரும் குறை அல்ல இது. தலைப்பைக் குறுக்காததால் வருவது.

ஆகவே முதல் வேலை, தலைப்பைக் கேள்வியாக்குவது. ‘ஏற்காட்டில் காப்பி’ என்பதுகூட அகலம்தான். ‘ஏற்காட்டில் காப்பிச் செடியை ஏன் மர நிழலில் வளர்க்கிறார்கள்?’ என்று கேட்டுவிட்டால் படகுச் சவாரி தானாகவே வெளியே போய்விடும். கேள்விக்கு ஒரே வாக்கியத்தில் பதில் எழுதிப் பாருங்கள்: ‘நிழல் மரம் வெயிலைத் தணிக்கிறது, மண்ணைக் காக்கிறது, மிளகுக் கொடிக்குத் தாங்கலாகி வருமானமும் தருகிறது.’ இப்படி ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

300 சொல், 45 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்துக்கு 10, எழுத 30, திருத்த 5. தெரிந்ததையெல்லாம் முதலில் துண்டு துண்டாகக் கொட்டுங்கள்: 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தது, அரபிக்கா என்ற காப்பி வகை, சில்வர் ஓக் என்ற நிழல் மரம், மிளகு, தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் பூச்சி, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவு. பிறகு ஒவ்வொன்றையும் கேள்விக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு இங்கே வேலை இல்லை, அடித்துவிடுங்கள். (மனசு வராதுதான்.) காக்பர்னுக்கு முன்னுரையில் ஒரு வரி போதும். மீதி மூன்று கட்டாகப் பிரியும்: வெயில், மண், வருமானம். கட்டுக்கு ஒரு பத்தி, பத்திக்கு 70 சொல். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 45 வீதம்.

பத்தியின் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். ‘நிழல் இல்லாத செடி சீக்கிரம் தளர்ந்துவிடும்’ என்று தொடங்கினால், அடுத்த வரி ஏன் என்பதற்கு: நேர் வெயிலில் ஒரு வருஷம் அளவுக்கு மீறிக் காய்த்து, அதன்பின் கிளை காய்ந்துபோகும். அதற்கடுத்த வரி சான்றுக்கு: வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில்படும் செடியைத்தான் அதிகம் தாக்கும். மண் பத்திக்கும் இதே முறைதான். சரிவில் விழும் மழையின் வேகத்தைக் கிளை தாங்குவதும், உதிர்ந்த இலை மண்ணை மூடும் மூடாக்காவதும் அங்கே வரும்.

‘மேலும்’ என்று தொடங்கும் பத்தியைச் சந்தேகப்படுங்கள். இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் போட்டாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் வரிசை இன்னும் அமையவில்லை. செடிக்கு ஆகும் நன்மையில் தொடங்கி, மண்ணுக்கு இறங்கி, தோட்டக்காரர் கைக்கு வரும் காசில் முடிப்பது ஒரு வரிசை.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். தேர்வுத் தாளில் முடியாது என்பார்கள். ஆறேழு வரி இடம் விட்டுப் பொருளுரையைத் தொடங்கினால் முடியும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் நடையை மெருகேற்றப் பார்க்காதீர்கள், நேரம் போதாது. ‘மரங்கள் இருக்கிறது’ என்பது ‘இருக்கின்றன’ ஆகட்டும். ‘செடிக்கு தேவை’ என்றிருந்தால் நடுவில் ஒரு ‘த்’ சேருங்கள். முடிவுரையில் புதுச் செய்தி எதுவும் நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திட்டத்தில் அடித்துவிட்ட கொண்டை ஊசி வளைவு பெரும்பாலும் அங்கேதான் திரும்ப வந்து நிற்கும்.