ஜெனரல் மேனேஜரைத் திட்டும் முன்: பேஸ்பால் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஆகஸ்ட் 1. மில்வாக்கி ப்ரூவர்ஸ் தன் பிரிவில் மூன்று ஆட்டங்கள் முன்னிலையில் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து, கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் குளோசர் ஜாஷ் ஹேடரை சான் டியேகோ பாட்ரேஸுக்கு டிரேட் செய்துவிட்டார்கள். லீகின் சிறந்தவர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு நான்கு முறை தேர்வானவர். பதிலுக்கு வந்த நான்கு பேரில் ஒருவர்கூட ரசிகர்களின் மனதைத் தேற்றும் பெயர் இல்லை. முதலிடத்தில் இருக்கிற அணி இப்படிச் செய்யுமா என்று ஊரே கொதித்தது. சீசன் முடிந்தபோது மில்வாக்கி 86 வெற்றி, சீசனுக்குப் பிந்தைய பிளேஆஃப் சுற்றில் கடைசி இடத்தைப் பிடித்த ஃபிலடெல்ஃபியா 87 வெற்றி. ஒரே ஒரு வெற்றியில் போயிற்று.

இந்தக் கதை இங்கே முடியவில்லை, திரும்பவும் வருகிறேன். ஏனென்றால் அணியின் முடிவுகளை எடைபோடும்போது நாம் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு டிரேடிலேயே இருக்கின்றன. ரசிகர்கள் கோபப்படக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வருஷத்தில் 162 ஆட்டம் பார்க்கிறவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கேள்வி சரியான ஆளிடம், சரியான காரணத்தோடு போக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டத்தின்போது மைதான ஓரத்து டக்அவுட்டில் நின்று, பந்து வீசும் பிட்சரை மாற்றுகிறவர் மேனேஜர். யார் அணியில் இருக்க வேண்டும், யாரை விற்பது, யாரை வாங்குவது என்பது ஜெனரல் மேனேஜரின் வேலை. ஏழாவது இன்னிங்ஸில் தவறான பிட்சரைக் கொண்டுவந்ததற்கு ஜெனரல் மேனேஜரைத் திட்டுவதும், பெஞ்சில் நல்ல பேட்டர் இல்லாததற்கு மேனேஜரைத் திட்டுவதும் தினமும் நடக்கிறது.

சரி, எல்லோரும் செய்யும் பெரிய தவறு, பின்னால் நடந்ததை வைத்து அன்றைய முடிவுக்குத் தீர்ப்பு எழுதுவது. 2016 ஜூனில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரைக் கொடுத்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற பிட்சரை வாங்கியது. டாட்டிஸ் பிறகு பெரிய நட்சத்திரம் ஆனார். "டாட்டிஸையே கொடுத்தவர்கள்" என்று இன்றைக்கும் அந்த நிர்வாகத்தைச் சொல்கிறார்கள். ஆனால் டிரேட் நடந்த அன்று டாட்டிஸுக்கு வயது 17, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட அவர் ஆடியிருக்கவில்லை. அந்த வயதில் கையெழுத்திடும் பையன்களில் மிகப் பெரும்பாலானவர்கள் உச்ச மட்டமான மேஜர் லீக் வாசலைக்கூட மிதிப்பதில்லை. இவன் இப்படி வருவான் என்று கணிக்காததற்காக அவர்களைத் திட்டினால், கொடுத்துவிட்டு எதையும் இழக்காத நூறு டிரேடுகளுக்கும் பாராட்ட வேண்டும் அல்லவா?

இதே டிரேடைத் திட்ட ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஷீல்ட்ஸுக்கு அப்போது 34 வயது. டிரேடுக்கு முந்தைய ஆட்டத்தில், சியாட்டிலில், மூன்று இன்னிங்ஸ்கூட முடிக்காமல் பத்து ரன் கொடுத்திருந்தார். அவரை வைத்திருந்த பாட்ரேஸ் அணியின் தலைவரே வெளிப்படையாகக் குறை சொன்னார். விற்கிற ஆளே சரக்கு சரியில்லை என்கிறான், அதைத் தேடிப் போய் வாங்கினார்கள். அந்த சீசனை 23 வெற்றி, 10 தோல்வி என்று தொடங்கி, பிறகு சரிந்துகொண்டிருந்த அணியின் பதற்றம் அது. ஷீல்ட்ஸ் வந்த பிறகு மீதி சீசனில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.77 ரன் என்ற கணக்கில் கொடுத்தார். ஆகவே ஒயிட் சாக்ஸ் ஜெனரல் மேனேஜரிடம் கேட்க வேண்டிய கேள்வி "டாட்டிஸை ஏன் கொடுத்தீர்கள்" அல்ல, "ஷீல்ட்ஸை ஏன் வாங்கினீர்கள்" என்பது. அந்தக் கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்கலாம், டாட்டிஸ் யார் என்றே தெரியாமல்.

1987-இல் டெட்ராய்ட் டைகர்ஸ், டாயில் அலெக்சாண்டர் என்ற மூத்த பிட்சருக்காக 20 வயது ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸ் 2015-இல், பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். மோசமான டிரேடுகளின் பட்டியல் எதுவும் இது இல்லாமல் வராது. அலெக்சாண்டர் டெட்ராய்டுக்கு வந்து அந்த சீசனில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. டொரோன்டோவை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் தாண்டி டைகர்ஸ் பிரிவை வென்றது, அவர் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. அந்த இலையுதிர்காலத்துக்காகத்தான் அவரை வாங்கினார்கள், வாங்கியதற்கு வேலை செய்தார். விலை அதிகமா? அதிகம்தான். ஆனால் முட்டாள்தனம் என்ற சொல்லுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

அப்புறம், முடிவு எடுத்தவர் யார் என்று பார்க்காமலே கல் எறிவது. நட்சத்திர ஆட்டக்காரர் மூக்கி பெட்ஸை பாஸ்டன் ரெட் சாக்ஸ் 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்ததை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுக்குச் சொந்தக்காரராக ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது அப்போது அணியின் பேஸ்பால் பிரிவை நடத்திய ஹைம் ப்ளூமை. அவர் வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு முன்பே, 2019 செப்டம்பரிலேயே, சம்பளச் செலவை ஆடம்பர வரி வரம்புக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று உரிமையாளர் ஜான் ஹென்றி சொல்லிவிட்டார். 2018, 2019 இரண்டு வருஷமும் வரம்பைத் தாண்டியிருந்த அணி அது. மூன்றாவது வருஷமும் தாண்டினால், தாண்டுகிற ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட் வரி. 2020-க்கான வரம்பு 20.8 கோடி டாலர். பெட்ஸின் அந்த வருஷச் சம்பளம் மட்டும் 2.7 கோடி, அவரோடு கட்டி அனுப்பிய பிட்சர் டேவிட் ப்ரைஸின் மீதி ஒப்பந்தத்தில் பாதியையும் பாஸ்டனே ஏற்றுக்கொண்டது.

பெட்ஸைக் கொடுத்தது தவறு என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ரெட் சாக்ஸ் போன்ற பணக்கார அணி, இருபதுகளில் இருக்கிற, தானே வளர்த்த ஆட்டக்காரரைச் செலவுக் கணக்குக்காக அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது. டாட்ஜர்ஸ் அதே ஜூலையில் அவருக்கு 12 வருஷத்துக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, அந்த வருஷமே சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸையும் வென்றது. ஆனால் "கொடு" என்ற முடிவுக்குப் பொறுப்பு மேலே, உரிமையாளரிடம். ப்ளூமிடம் கேட்கக்கூடியது வேறு: கொடுத்ததுதான் கொடுத்தீர்கள், பதிலுக்கு வெர்டூகோ, டவுன்ஸ், வாங் என்ற மூன்று பேர் போதுமா? அது நியாயமான கேள்வி. டவுன்ஸை 2022 கடைசியிலேயே கைவிட்டார்கள், வெர்டூகோவை 2023 டிசம்பரில் பரம எதிரியான யாங்கீஸுக்கே அனுப்பினார்கள்.

பதவிப் பெயரிலும் ஏமாறாதீர்கள். இப்போது பல அணிகளில் ஜெனரல் மேனேஜருக்கு மேலே பேஸ்பால் பிரிவுத் தலைவர் என்று ஒருவர் இருப்பார், கடைசி வார்த்தை அவருடையது.

விதிகள் தெரியாமல் திட்டுவது இன்னொரு வகை, இதில்தான் அதிக அநியாயம் நடக்கிறது என்று எனக்குத் தோன்றும். மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் ஒரு பையன் பிரமாதமாக வீசுகிறான், மேலே ஒரு பிட்சர் வாரம் தவறாமல் அடி வாங்குகிறார், இருந்தும் மாற்றவில்லை. கண் தெரியவில்லையா என்று கேட்கிறோம். ரோஸ்டர் என்கிற, அணியின் 40 பேர் கொண்ட பட்டியலில் இருக்கும் ஒருவரைத் தடையில்லாமல் கீழே அனுப்ப வழக்கமாக மூன்று வருஷம்தான் அனுமதி, அதை ஆப்ஷன் என்பார்கள். அது தீர்ந்துபோனவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் முதலில் வேவர்ஸில் போட வேண்டும், மற்ற அணிகளில் யார் வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொள்ளலாம். அதனால் சில நேரம் நன்றாக வீசியவர் கீழே போவார், மோசமாக வீசியவர் இருப்பார். திறமைக் கணக்கு ஒன்று, கையில் ஆட்களைத் தக்கவைக்கும் கணக்கு வேறொன்று.

ரூல் 5 டிராஃப்ட் இன்னும் விசித்திரமானது. வேறு அணி அந்த 40 பேரில் சேர்த்துக் காப்பாற்றாமல் விட்ட ஆட்டக்காரரை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சீசன் முழுக்க மேஜர் லீகிலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய அணிக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும். மினசோட்டா ட்வின்ஸ் இந்த வழியில் வந்த ஒரு 21 வயது இடக்கைப் பிட்சரை 2000 முழுக்க வைத்திருந்தது. ஒன்பது இன்னிங்ஸுக்கு 6.49 ரன் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஆட்டம் பார்த்தவர்களுக்கு இடத்தை வீணடிக்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். அவர் பெயர் ஜொஹான் சான்டானா. 2004, 2006 இரண்டு வருஷமும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார்.

விதியைக் காட்டி எல்லாவற்றையும் மன்னித்துவிடவும் கூடாது. 2015-இல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். அவரை சீசன் தொடக்கத்தில் எடுக்காமல் ஏப்ரல் 17-ஆம் தேதி வரை மைனர் லீகில் வைத்திருந்தார்கள். தடுப்பாட்டம் மெருகேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். 172 நாள் மேஜர் லீகில் இருந்தால்தான் ஒரு சேவை வருஷம் முழுசாகும், பிரையன்டுக்குக் கிடைத்தது 171. ஒரு நாள் குறைந்ததில் அவர் எந்த அணிக்கும் போகக்கூடிய ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஒரு வருஷம் தள்ளிப் போனது. அவர் புகார் கொடுத்தார், 2020-இல் தீர்ப்பு அணிக்கே சாதகமாக வந்தது. விதிப்படி சரி. ஆனால் அந்தப் பையனுக்கு நடந்தது நியாயம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ரசிகர்கள் இதற்குக் கோபப்பட்டது முழுக்கச் சரி.

ஏப்ரல் மாத எண்களை வைத்து ஒப்பந்தத்தைக் குப்பை என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரம் என்பது ஐம்பது முறை பேட் பிடிப்பது. பொறுங்கள்.

பிடித்த ஆட்டக்காரர் போகிறார் என்ற வலியை முடிவின் தரத்தோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. 2004 ஜூலை 31-இல் பாஸ்டன் ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டைன் நோமார் கார்சியாபாராவை டிரேட் செய்தபோது பாஸ்டனில் அது துரோகம் போலத்தான் இருந்தது. இரண்டு முறை பேட்டிங் பட்டம் வென்றவர், ஊரின் செல்லப்பிள்ளை. ஆனால் காயத்தால் அந்த சீசனின் தொடக்கத்தையே தவறவிட்டிருந்தார், ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது, அணியின் தடுப்பாட்டம் ஓட்டையாக இருந்தது. இந்த மூன்றும் அன்றைக்கே எல்லோர் கண் முன்னாலும் இருந்தவை. அதே நாளில் ஒரு மைனர் லீக் ஆட்டக்காரரைக் கொடுத்து டேவ் ராபர்ட்ஸ் என்ற வேகமான ஓட்டக்காரரை வாங்கியதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. அக்டோபரில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, நான்காவதின் ஒன்பதாவது இன்னிங்ஸிலும் ஒரு ரன் பின்னால் இருந்தபோது பந்து அடிக்கப்படக் காத்திராமல் ஓடி இரண்டாவது பேஸைத் திருடியது அவர்தான். பாஸ்டன் 86 வருஷத்துக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் வென்றது.

இப்போது ஹேடருக்கு வருகிறேன். இந்த டிரேடைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் சொல்வது: "பார்த்தீர்களா, அது கடைசியில் நல்லதாகத்தான் முடிந்தது." ஹேடருக்காக வந்தவர்களில் எஸ்டூரி ரூயிஸ் ஒருவர். 2022 டிசம்பரில் மூன்று அணி டிரேடில் ரூயிஸைக் கொடுத்து, கேட்சர் வில்லியம் கான்ட்ரேராஸை மில்வாக்கி வாங்கியது. கூடவே இடையில் வந்து வீசும் ரிலீவர் ஜோயல் பயாம்ப்ஸும் வந்தார். 2023, 2024 இரண்டு வருஷமும் பிரிவை வென்றார்கள். அழகான கணக்குதான். ஆனால் ஹேடரை அனுப்பியபோது தலைமையில் இருந்தவர் டேவிட் ஸ்டெர்ன்ஸ், அவர் அக்டோபரிலேயே பொறுப்பை விட்டு விலகிவிட்டார். கான்ட்ரேராஸை வாங்கியது மேட் ஆர்னால்டின் தலைமை. அந்தப் புண்ணியத்தை ஆகஸ்ட் முடிவின் கணக்கில் எழுதக் கூடாது.

ஹேடரை விற்கலாம் என்ற எண்ணத்தில் தர்க்கம் இருந்தது. அடுத்த வருஷத்தோடு அவர் மேல் அணிக்கு இருந்த உரிமை முடிகிறது, சம்பளம் ஏறிக்கொண்டே போகிறது, அவர் வேலைக்கு அணியில் டெவின் வில்லியம்ஸ் தயாராக இருக்கிறார். ஆனால் பதிலுக்கு வந்தவர்களில் டினெல்சன் லமெட் என்ற பிட்சரை அந்த வாரத்திலேயே ரோஸ்டரிலிருந்து நீக்கிவிட்டார்கள். ப்ரூவர்ஸ் சட்டையில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை. பிளேஆஃப் போட்டியில் இருக்கும் அணி, தன் சிறந்த குளோசரைக் கொடுத்து வாங்கிய நான்கு பேரில் ஒருவருக்கு இடமே வைத்திருக்கவில்லை, அதே ஆகஸ்டில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஸ்டெர்ன்ஸிடம் கேட்க வேண்டியது அதைத்தான், கான்ட்ரேராஸ் எத்தனை ஹோம் ரன் அடித்தாலும்.