நெல் வயலை வைத்து ஓர் ஆய்வு: தரவு வகையும் ஆய்வு வடிவமைப்பும், முதல் தடவை செய்பவர்களுக்கு

தாளடி அறுப்பு முடிந்து மாசி பிறந்தால் கும்பகோணத்தில் என் வீட்டுத் திண்ணைக்கு முதுகலை மாணவர்கள் நோட்டுகளோடு வந்துவிடுவார்கள். "அண்ணா, நூத்திருபது விவசாயிங்ககிட்ட கேட்டுட்டேன். இப்ப என்ன டெஸ்ட் போடணும்?" நோட்டைப் புரட்டினால் அவர்கள் வெயிலில் அலைந்த அலைச்சல் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்கான பதில் அவர்கள் வயலுக்குப் போகும் முன்பே முடிவாகியிருக்க வேண்டியது. எந்தக் கணக்கு போடலாம் என்பது தரவின் வகையைப் பொறுத்தது. அந்தக் கணக்கை வைத்து என்ன சொல்லலாம் என்பது ஆய்வின் வடிவமைப்பைப் பொறுத்தது. இரண்டையும் பின்னால் சரிசெய்வது பெரும்பாலும் நடக்காது. அதனால் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"டெல்டாவில் நெல் விளைச்சல்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. "கும்பகோணம் வட்டாரத்தில் சம்பா பட்டத்தில் ஒற்றை நாற்று நடவு (குத்துக்கு ஒரே இளம் நாற்று) செய்த வயல்களில், வழக்கமான நடவு வயல்களைவிட ஏக்கருக்கு விளைச்சல் கூடுதலா?" இது கேள்வி. எந்த இடம், எந்தப் பட்டம், எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. ஒன்று குறைந்தாலும் திருப்பி எழுதுங்கள்.

படி 2: ஒவ்வொரு பத்தியும் என்ன வகை என்று குறியுங்கள்

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டுப் பத்தி (column) பிரிக்கிறீர்கள் அல்லவா, ஒவ்வொரு பத்தியின் தலையிலும் அது எந்த வகை என்று எழுதிவிடுங்கள். 1946ல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பிரித்துக் கொடுத்த நான்கு வகைகள்தான் இன்றும் பாடத்தில் இருக்கின்றன.

முதலாவது பெயரளவு அளவை. நெல் ரகம் இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் நம் ஊரில் ரகத்தின் பெயரிலேயே எண் இருக்கிறது. ஆடுதுறை 36, ஆடுதுறை 45, சி.ஆர். 1009. கணினியில் 36, 45, 1009 என்று ஏற்றிவிட்டு "சராசரி" அழுத்தினால் அதுவும் கூசாமல் ஒரு விடை தரும். அந்த விடைக்குப் பொருளே கிடையாது, அப்படி ஒரு ரகம் எந்த வயலிலும் இல்லை. குறுவைக்கு 1, சம்பாவுக்கு 2, தாளடிக்கு 3 என்று நீங்களே போடும் குறியீடும் இப்படித்தான். பெயரளவுத் தரவை எண்ணலாம், சதவீதம் போடலாம், எது அதிகம் என்று சொல்லலாம். இரண்டு பெயரளவுத் தரவுகளுக்குத் தொடர்பு உண்டா என்று பார்க்கக் கை வர்க்கச் சோதனை (chi-square test) இருக்கிறது.

அடுத்தது வரிசை அளவை. இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். நெல்லின் குலை நோய்த் தீவிரத்தை 0 முதல் 9 வரை மதிப்பெண் போட்டுக் குறிப்பது வழக்கம். இலைப் பரப்பில் 4 சதவீதத்துக்கும் குறைவாகப் புள்ளிகள் பரவியிருந்தால் 4. 4 முதல் 10 சதவீதம் என்றால் 5. 26 முதல் 50 வரை 7, 51 முதல் 75 வரை 8. கவனியுங்கள்: 4க்கும் 5க்கும் நடுவே சில சதவீதம்தான் வித்தியாசம். 7க்கும் 8க்கும் நடுவே கால்வாசி இலையே போய்விடுகிறது. எண்கள் ஒன்று ஒன்றாக ஏறினாலும் படிகளின் உயரம் ஒன்றல்ல. அதனால் 4, 8 மதிப்பெண் பெற்ற இரு வயல்களின் சராசரி 6 என்று எழுதினால், அந்த 6 எந்த வயலின் நிலையையும் சொல்லாது. இடைநிலை அளவை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பெண்ணைச் சொல்லுங்கள், ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை வயல்கள் என்று அட்டவணை போடுங்கள். "விளைச்சல் எப்படி?" என்று கேட்டு "நல்லா இருந்துச்சு, சுமார், மோசம்" என்று வாங்கும் பதிலும் இதே வகைதான்.

இடைவெளி அளவைக்குத் தேதியைப் பாருங்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஒருவர் ஜூன் 12ல் நாற்று விட்டார், இன்னொருவர் ஜூன் 24ல் விட்டார் என்றால் பன்னிரண்டு நாள் இடைவெளி என்று சொல்லலாம். இரண்டாமவர் இரு மடங்கு தாமதம் என்று சொல்ல முடியாது, தேதிக்கு உண்மையான பூஜ்யம் இல்லை. அதையே "அணை திறந்து எத்தனை நாள் கழித்து" என்று எழுதிப் பாருங்கள். 6 நாள், 12 நாள் என்று வந்தால் இரு மடங்கு என்று தாராளமாகச் சொல்லலாம். இப்போது அது விகித அளவை. எடை, பரப்பு, செலவு, ஒரு குத்தில் உள்ள தூர்களின் எண்ணிக்கை எல்லாம் விகித அளவைதான். தூர் முழு எண்ணாக மட்டும் வரும், எடை பின்னமாகவும் வரும். அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். எண்ணாகக் கிடைக்கும் ஒன்றை வகையாகச் சுருக்கி எழுதாதீர்கள். ஒருவர் "மூணே கால் ஏக்கர்" என்றால் 3.25 என்றே எழுதுங்கள். "சிறு விவசாயி" என்று எழுதி வைத்தால் அந்த மூணே காலை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. 3.25ஐப் பிற்பாடு எந்த வகைக்குள்ளும் போட்டுக்கொள்ளலாம்.

படி 3: அலகைக் கேட்காமல் எண்ணை எழுதாதீர்கள்

இது நானே பட்டது. என் முதல் கள ஆய்வில் "ஏக்கருக்கு 30" என்று எண்பது படிவங்களில் இதுபோல வெறும் எண்ணாக எழுதி வந்தேன். வியாபாரிக்குப் போட்டவர்கள் சொன்னது 60 கிலோ மூட்டை. கொள்முதல் நிலையத்தில் போட்டவர்கள் சொன்னது 40 கிலோ சிப்பம். முதலாமவருக்கு 1,800 கிலோ, இரண்டாமவருக்கு 1,200 கிலோ. யார் எதைச் சொன்னார்கள் என்று எழுதவில்லை. எண்பதும் வீணாகப் போயிற்று. நிலத்தை மா கணக்கில் சொல்பவர்களும் உண்டு. மூன்று மா ஓர் ஏக்கர், 20 மா ஒரு வேலி. சொன்ன அலகை ஒரு பத்தியிலும், கிலோவாகவும் ஏக்கராகவும் மாற்றியதை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள்.

ஈரப்பதத்தையும் எழுதுங்கள். 22 சதவீத ஈரத்தோடு 60 கிலோ நின்ற நெல்லை 14 சதவீதத்துக்கு மாற்றினால் 60 × 78 ÷ 86, அதாவது 54.4 கிலோதான். 78ம் 86ம் ஈரம் போக மீதி நிற்கும் சதவீதங்கள்.

அப்புறம், வெள்ளத்தில் முழுதும் போன வயலுக்கு விளைச்சல் 0. "ஞாபகமில்லை" என்றவருக்கு வெற்றிடம். இரண்டையும் கலந்தால் சராசரி கெட்டுவிடும்.

படி 4: வடிவமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே காலத்தில் பலரிடம் போய்க் கேட்டு வருவது குறுக்குவெட்டு ஆய்வு. மாணவர் ப்ராஜெக்டில் முக்கால்வாசி இதுதான். எத்தனை பேர், எவ்வளவு என்று சொல்ல இது நல்லது. இதனால்தான் அது என்று சொல்ல வலுவில்லை. ஏன் என்று பார்ப்போம். விளக்கத்துக்காக நானே போட்ட எண்கள் இவை, எந்த ஊரின் கணக்கும் அல்ல.

ஒற்றை நாற்று நட்டவர்கள் 30 பேர், ஏக்கருக்குச் சராசரி 36 மூட்டை (60 கிலோ மூட்டை). வழக்கமான நடவு 30 பேர், சராசரி 31 மூட்டை. ஐந்து மூட்டை கூடுதல் என்று எழுதக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். யாரிடம் சொந்தமாக மோட்டார் இருக்கிறது என்று பிரிப்போம். ஒற்றை நாற்றுக்காரர்களில் 24 பேருக்கு மோட்டார் உண்டு, அவர்கள் எடுத்தது 38 மூட்டை. மோட்டார் இல்லாத 6 பேர் எடுத்தது 28. வழக்கமான நடவுக்காரர்களில் மோட்டார் உள்ளவர்கள் 9 பேர், அவர்களும் 38. இல்லாத 21 பேரும் 28. கூட்டிப் பாருங்கள், 36ம் 31ம் சரியாக வரும். ஐந்து மூட்டையும் மோட்டார் தந்தது. நடவு முறை எதுவுமே செய்யவில்லை. இளம் நாற்றுக்குத் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதால், சொந்தத் தண்ணீர் உள்ளவர்தான் அந்த முறைக்கு முதலில் துணிவார். இப்படி இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நிற்பதைக் குழப்பும் மாறி என்பார்கள். மோட்டார் என்ற பத்தி நோட்டில் இல்லாவிட்டால் இது உங்களுக்குத் தெரியவே வராது.

புகையான் பூச்சி தாக்கிய வயல்களையும் தப்பிய வயல்களையும் எடுத்துக்கொண்டு, "யூரியா எத்தனை மூட்டை போட்டீர்கள், எவ்வளவு நெருக்கி நட்டீர்கள்" என்று பின்னோக்கிக் கேட்டால் அது பாதிப்பு–ஒப்பீட்டு ஆய்வு. அரிதாக வரும் பாதிப்புக்கு ஏற்றது. ஆனால் பயிர் போனவர் யூரியாவை நினைத்து நினைத்துச் சொல்வார், தப்பியவர் மறந்திருப்பார். நாற்றங்காலிலிருந்தே அதே வயல்களை வாராவாரம் போய்ப் பார்ப்பது பின்தொடர் ஆய்வு. நினைவை நம்ப வேண்டியதில்லை, உழைப்பு அதிகம்.

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் பரிசோதனைதான் வழி. யாருக்கு எந்த முறை என்பதை விவசாயியும் நீங்களும் தீர்மானிக்கக் கூடாது, சீட்டு தீர்மானிக்க வேண்டும். இந்தச் சமவாய்ப்பு முறை வயலில் பிறந்தது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1919ல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ஆர்.ஏ. ஃபிஷர் அங்கேதான் இதை வளர்த்தெடுத்தார். உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையில், உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவனை விட்டு ஓலை எடுக்கச் சொன்னதற்கும் அடிப்படை இதே நியாயம்தான்.

வயலில் செய்யும் விதம்: மடைப் பக்கம் தண்ணீரும் வண்டலும் முதலில் சேரும், கடைசி வரப்புப் பக்கம் வேறு மாதிரி இருக்கும். அதனால் வயலை மடைப் பக்கம், நடு, கடைசி என்று மூன்று தொகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் இரண்டு முறைக்கும் இடம் கொடுங்கள். எந்தப் பாத்திக்கு எது என்று தொகுதிக்குத் தொகுதி தனியாகச் சீட்டு எடுங்கள்.

படி 5: யாரிடம், எங்கே

சாலையோரக் கிராமமாகப் பார்த்துப் போகாதீர்கள். கல்லணைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் தலைஞாயிறு கடைமடையில் இருப்பவருக்கும் தண்ணீர் வரும் நாள் வேறு, மண் வேறு. கேள்வி டெல்டா முழுவதையும் பற்றியது என்றால் தலைமடை, நடுமடை, கடைமடை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் சீட்டுப் போட்டு ஊரையும் விவசாயியையும் எடுங்கள்.

விளைச்சலை நேரே அளக்க முடிந்தால் இன்னும் நல்லது. பயிர் அறுவடைப் பரிசோதனையில் செய்வதுபோல, சமவாய்ப்பில் தேர்ந்த இடத்தில் 5க்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி நிறுங்கள். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆகவே எடையை 162ஆல் பெருக்கினால் போதும். 14 கிலோ நின்றால் ஏக்கருக்கு 2,268 கிலோ, 60 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 38. கயிற்றுக்கு அடியில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும் குத்தை என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வேர் உள்ளே இருந்தால் உள்ளே, அவ்வளவுதான்.

படி 6: ஐந்து பேரிடம் ஒத்திகை

படிவத்தை அச்சடிக்கும் முன் ஐந்து விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். அன்று மாலையே அந்த ஐந்து வரிகளையும் கணினியில் ஏற்றி, கடைசியில் போடப்போகிற அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பத்தி காலியாக நிற்கிறது, எந்தப் பத்தியில் கிலோவும் மூட்டையும் கலந்து கிடக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஐந்து பேரில் ஒருவராவது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்வார். "தம்பி, எனக்கு ஆத்துத் தண்ணி கிடையாது, பக்கத்து மோட்டார்லதான் காசு கொடுத்துப் பாய்ச்சறேன்" என்பார். படிவத்தில் மோட்டார் உண்டு, இல்லை என்று இரண்டே கட்டம்தான் இருக்கும். அன்றைக்கு ராத்திரியே மூன்றாவது கட்டத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் அச்சுக்குக் கொடுங்கள்.