சீன நகரங்களைப் பற்றி எழுதும்போது சறுக்குகிற இடங்கள்

சீனப் பயணக் கட்டுரைகளிலும் வீடியோக்களிலும் அதிகம் அடிபடுகிற ஊர் சியான். அங்குள்ள மதிலின் மேல் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலரும் அதைத் தாங் பேரரசின் கோட்டை என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரின் புகழ் தாங் காலத்தில் ஓங்கியது என்பது சரி. ஆனால் இன்று நிற்கும் மதில், தாங் ஆட்சி முடிந்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1370களில் மிங் அரசு எழுப்பியது. தாங் காலத் தலைநகரான சாங்கான் (சியானின் பழைய பெயர்) சுமார் 84 சதுர கி.மீ. பரந்திருந்தது, இந்த மதிலுக்குள் அதில் ஏழில் ஒரு பங்குதான் அடங்கும். சந்தேகமிருந்தால் தெற்கு வாசலைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். நம் பாடப்புத்தக யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளுக்காக 652-இல் முதலில் கட்டிய கோபுரம், மதிலுக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாங் காலத்தில் அது ஊருக்குள் இருந்தது.

அடுத்தது, "மீனவக் கிராமமாக இருந்து மாநகரமானது" என்ற கதை. ஷாங்காய்க்கு இதை ஒட்டாத ஆளில்லை. ஷாங்காய் 1292-லேயே ஒரு மாவட்டத்தின் தலைமை ஊர். பருத்தி வணிகத்தில் பணம் புரண்டது. அந்தப் பணத்தைக் குறிவைத்துக் கடற்கொள்ளையர் வந்ததால்தான் 1553-இல் சுற்றுமதில் கட்டினார்கள். அபினிப் போரை முடித்த 1842 நான்ஜிங் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேயர் குடியேறியது இந்த மதிலுக்கு வடக்கே. முடியாட்சி விழுந்த 1912-இல் மதிலை இடிக்க ஆரம்பித்து, அந்த இடத்தில் சாலை போட்டார்கள். வரைபடத்தில் ரென்மின் சாலையையும் சோங்ஹுவா சாலையையும் சேர்த்துப் பாருங்கள், பழைய ஊரின் வட்டம் அப்படியே தெரியும். ஷென்செனுக்கும் இதே கதையைச் சொல்கிறார்கள். 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் வருவதற்கு முன்பே அங்கே ரயில் நிலையம் இருந்தது, சந்தை இருந்தது.

பெய்ஜிங் எப்போதும் தலைநகர் என்ற நினைப்பும் கவிழ்த்துவிடும். மிங் ஆட்சி 1368-இல் தொடங்கியது நான்ஜிங்கில். தலைநகர் பெய்ஜிங்குக்கு முறையாக மாறியது 1421-இல். இலங்கையின் காலியில் கிடைத்த, தமிழும் இடம்பெற்ற மும்மொழிக் கல்வெட்டு 1409-இல் நான்ஜிங்கில் செதுக்கப்பட்டு மிங் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பலில் வந்தது. அதற்குப் பெய்ஜிங் முகவரி கொடுத்தால் பன்னிரண்டு ஆண்டு முந்திவிடுகிறோம்.

அப்புறம், வெளிநாட்டார் சீனத் துறைமுகங்களுக்கு வந்ததே அபினிப் போருக்குப் பிறகுதான் என்று எழுதுவது. தமிழில் எழுதுகிறவர்கள் செய்யவே கூடாத தவறு இது. சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்லும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அப்போது அங்கே ஆட்சி செய்தவர் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான். 1350களில் தொடங்கிய கலகமும், பிறகு மிங் அரசு கடல் வணிகத்துக்குப் போட்ட தடையும் சேர்ந்து அந்த ஊரைச் சாய்த்தன.

கடைசியாக ஹாங்காங். முழுவதையும் பிரிட்டன் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது என்பார்கள். ஹாங்காங் தீவு 1842-லும் அதற்கு எதிரே உள்ள கௌலூன் 1860-லும் நிரந்தரமாகவே எழுதிக் கொடுக்கப்பட்டவை. 1898-இல் குத்தகைக்குப் போனது ‘புதிய பகுதிகள்’ (New Territories) எனப்படும் வடக்கு நிலமும் சுற்றியுள்ள தீவுகளும் மட்டும். ஆனால் ஹாங்காங்கின் பெரும்பாலான நிலம் அதில்தான் இருந்தது. அது போனபின் மீதியை மட்டும் வைத்து ஊர் நடத்த முடியாது என்பதால், சீனாவுடன் செய்த 1984 ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் சேர்த்தே திருப்பித்தர பிரிட்டன் இசைந்தது.