ஹில்பிரீ தீவில் அரிய வலசைப் பறவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் வடமேற்கில், டீ நதியின் முகத்துவாரத்தில் இருக்கிறது ஹில்பிரீ. கடல் வற்றினால் வெஸ்ட் கிர்பி ஊரிலிருந்து மணலில் நடந்தே போய்விடலாம். ஓதம் ஏறினால் தீவு தனித்துவிடும். சைபீரியக் காட்டில் பிறந்த மஞ்சள் புருவக் கதிர்க்குருவி அக்டோபரில் அங்கே வந்திருக்கிறது என்று கேட்டால், உடனே ஓடத்தான் தோன்றும். அந்த ஓட்டத்திலேயே முதல் தவறு நேர்கிறது.

ஹில்பிரீ கண்ணெதிரே தெரிகிறதே என்று நேராக நடக்காதீர்கள். இடையில் ஆழமான ஓடைகள் உண்டு. ஏறும் நீர் முதலில் அவற்றைத்தான் நிரப்பும். திரும்பிப் பார்க்கும்போது பின்னால் வழி இருக்காது. முதலில் லிட்டில் ஐ என்ற குட்டித் தீவு, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பி மிடில் ஐ, அப்புறம்தான் ஹில்பிரீ. உச்ச ஓதத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று மணி நேரம் மணலில் இறங்கவே கூடாது.

ஓத அட்டவணையிலும் ஒரு பொறி இருக்கிறது. சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இங்கிலாந்துக் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதைக் கூட்ட மறந்தால், நீர் வடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கரைக்குத் திரும்பக் கிளம்பிவிடுவோம்.

காற்றையும் பாருங்கள். வடமேற்குப் புயல்காற்று கடற்பறவைகளுக்கான நாள். சிறு குருவிகளைத் தேடுபவர் கிழக்குக் காற்றுக்குக் காத்திருப்பது நல்லது.

சரி, புதரில் ஏதோ அசைகிறது. ஆசை சொல்லும் பெயரை உடனே சூட்டிவிடாதீர்கள். அங்கே சாதாரணமாக வரும் சிஃப்சாஃப் குருவிக்கு இறக்கையில் பட்டை கிடையாது. கோல்ட்கிரெஸ்ட் குருவிக்குப் பட்டை உண்டு, புருவம் இல்லை. உச்சந்தலையில் மஞ்சள் கோடு ஓடும். நீண்ட வெளிர் புருவமும் இறக்கையில் இரட்டைப் பட்டையும் சேர்ந்திருந்தால்தான் நம் விருந்தாளி. கேமராவை எடுப்பதற்கு முன் கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் தவறு வேறு. அந்தக் குருவியின் எடை ஏறத்தாழ ஆறு கிராம். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த உயிர், பூச்சி தின்று தேறுவதற்காக இறங்கியிருக்கிறது. அலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே இழுப்பதும், புதரைத் தட்டுவதும் வேண்டாம். தள்ளி நின்று அசையாமல் காத்திருங்கள். இரை தேடி அதுவே ஓரத்துக்கு வரும்.