தாத்தாவின் கவாத்துக் கத்தியைப் புதுப்பிப்பது எப்படி?

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலை பார்த்த குடும்பங்களில், பரண் மேலோ எரவானத்திலோ ஒரு பழைய கத்தி செருகிக் கிடக்கும். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அன்று தொட்டு அறுவடை முடிந்ததும் செடியின் கிளைகளை நறுக்கும் கவாத்து வேலை வந்துவிடும், அதற்குக் கத்தி வேண்டும். எங்கள் தாத்தாவின் கத்தியில், பிடியில் கட்டைவிரல் பதியும் இடம் மட்டும் குழிந்து வழவழவென்று இருக்கிறது. அந்தக் குழி அவர் கையால் உண்டானது. நான் சொல்லப்போகும் முறை முழுவதும் அதைப் போன்ற தடயங்களைக் காப்பாற்றுவதற்காகத்தான். கத்தியைப் புதியதாக்கிக் காட்டுவதற்கு அல்ல.

எனவே முதல் வேண்டுகோள்: சாணை பிடிக்கும் மின்சார இயந்திரத்தில் கொடுக்காதீர்கள். சுழலும் கல்லில் விளிம்பு நொடியில் சூடேறிவிடும். எஃகு 220 டிகிரியைத் தாண்டும்போது வைக்கோல் நிறமும், 300 டிகிரி அளவில் நீல நிறமும் காட்டும். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடத்தில் கொல்லர் ஏற்றிய பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது என்று அர்த்தம். அதன்பின் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

1. பார்த்துப் படம் எடுங்கள்

உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிடிக்கு அருகே தகட்டில் உளியால் வைத்த சிறு குறி இருக்கிறதா என்று தேடுங்கள். அது அடித்த கொல்லரின் அடையாளமாக இருக்கலாம். அதன்மேல் உப்புத்தாள் படவே கூடாது. விளிம்பில் விரிசல் தெரிந்தால் அந்தக் கத்தியை இனி வேலைக்கு எடுக்க வேண்டாம், சுவரில் மாட்டி வைக்கலாம். வேலை தொடங்குமுன் வாய்ப்பகுதியில் தடித்த துணி சுற்றிக் கட்டிவிடுங்கள்.

2. துருவைப் பிரித்தறியுங்கள்

இதில்தான் பொறுமை வேண்டும். துரு இரண்டு வகை. செந்துரு உதிரும், ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். அது போகத்தான் வேண்டும். கருந்துரு இறுக ஒட்டியிருக்கும், விரலில் படியாது. வேதியியலில் இது மேக்னடைட். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவும் அதே பொருள்தான். கருந்துரு இரும்பின் மேல் ஒரு காப்புப் படலமாக நிற்கிறது. அதைச் சுரண்டி எடுத்துப் பளபளப்பாக்குகிறவர்கள், காலம் இலவசமாகக் கொடுத்த பாதுகாப்பைத் தூக்கி எறிகிறார்கள்.

பிடியைப் பாலித்தீன் உறையால் மூடிக் கட்டிவிட்டு, தகட்டில் மட்டும் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவி ஓர் இரவு விடுங்கள். தீ அருகில் வேண்டாம். காலையில் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் செந்துரு சேறாக வழிந்து வரும். எஃகுக் கம்பி பிரஷ் கீறல் போடும், தவிருங்கள். மிச்சமிருக்கும் சிவப்புப் புள்ளிகளுக்கு 400 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, தகட்டின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள்.

3. பிடி

பிடியை உப்புத்தாளால் தொட வேண்டாம், வார்னிஷும் வேண்டாம். ஈரத்தைப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, அரைமணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிவரும், சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் போட்டுவையுங்கள்.

பிடி ஆடினால் பழைய வழியே நல்லது. அரக்கையும் சலித்த செங்கல் பொடியையும் பிடியின் துளைக்குள் நிரப்பி, பிடிக்குள் போகும் வால்பகுதியை மட்டும் சூடாக்கிச் செருகினால், அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். சூடாக்கும்போது தகட்டை ஈரத்துணியில் சுற்றியிருங்கள். கைபழகாதவர்கள் இதைக் கொல்லுப்பட்டறையில் செய்துகொள்வது நல்லது. பிடியை மாற்றச் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

4. கடுக்காய்க் கருமை

துரு எடுத்த இடங்கள் வெளிறித் திட்டுத்திட்டாகத் தெரியும். அவற்றை மீண்டும் கருக்க நம் கையிலேயே வழி இருக்கிறது. கடுக்காயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீலக் கருமையான சேர்மமாகும். இரும்பும் துவர்ப்பும் சேர்த்துத்தான் ஒரு காலத்தில் எழுதும் மை செய்தார்கள்.

நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் கடுக்காய் வாங்கி, கொட்டையை நீக்கி நசுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் பாதியாக வற்றும்வரை கொதிக்க வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும், இரும்புச் சட்டி கருத்துப்போகும். தகட்டைச் சோப்பால் கழுவி எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, வினிகரால் ஒருமுறை லேசாகத் துடையுங்கள். பிறகு வெதுவெதுப்பான கடுக்காய் நீரைத் துணியால் தடவி உலரவிடுங்கள். முதல் பூச்சில் சாம்பல் நிறம்தான் வரும். மூன்று நான்கு முறை ஆனதும் கருமை ஏறும். கடைசியில் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசுங்கள்.

5. கூர்

வேலைக்கு எடுப்பதானால் மட்டும், நனைந்த சாணைக்கல்லில் கையால் தீட்டுங்கள். பழைய சாய்வு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள். மறுபுறம் மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் பக்கத்தை மாற்றுங்கள். சுவரில் மாட்டுவதற்கென்றால் தீட்டவே வேண்டாம்.

6. பாதுகாப்பு

ஏற்காட்டின் மூடுபனிதான் பெரிய எதிரி. தோல் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பிலேயே வைத்திருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுவதால் மலைக்குச் சரிப்படாது. நாளடைவில் சிக்கு வாடையும் அடிக்கும். மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவி, பருத்தித் துணியில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மழைக்காலம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் எடுத்துத் துடையுங்கள்.

கூடவே ஒரு தாளில் எழுதிவையுங்கள்: யார் கத்தி, எந்தத் தோட்டம், எந்த ஆண்டில் என்ன வேலை செய்தோம், எதைத் தொடாமல் விட்டோம். அந்தத் தாளைத் தனி உறையில் போட்டு வைக்க வேண்டும். கத்தியோடு சேர்த்துச் சுற்றினால் தாளும் ஈரத்தை இழுக்கும்.