கன்சோலில் கிளாஸ்லோடர் வியூ சேர்த்தேன், பிழை பிடிபட்டது

இரண்டு நாளாக கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன், அதாவது ஓர் ஆப்ஜெக்ட்டை அது சேராத கிளாஸாக மாற்றப் பார்த்தால் ஜாவா தரும் பிழை. லாகில் இரண்டு பக்கமும் ஒரே கிளாஸ் பெயர், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜாவாவில் பெயர் ஒன்றானாலும் அதை நினைவகத்தில் ஏற்றிய லோடர் (கிளாஸ்லோடர்) வேறானால் அது வேறு கிளாஸ்தான், ஆனால் எந்த லோடர் என்று எங்கே பார்ப்பது? அப்பாச்சி ஜெரோனிமோ 2 என்ற ஜாவா சர்வரின் நிர்வாகக் கன்சோலில் இதற்காகவே ஒரு போர்ட்லெட் (கன்சோல் பக்கத்தில் பொருந்தும் சிறு பகுதி) எழுதிச் சேர்த்தேன்: கிளாஸ் பெயரைக் கொடுத்தால் அதன் லோடரில் தொடங்கி மேலே உள்ளவற்றை மரம்போல விரித்து, கோட்சோர்ஸிலிருந்து (கிளாஸ் எங்கிருந்து வந்தது என்ற தகவல்) ஜார் கோப்பின் பாதையையும் காட்டும். ஜெரோனிமோவில் ஒரு லோடருக்குப் பல பேரன்ட் (மேல் லோடர்) இருக்கலாம் என்பதால் ஒன்றை மட்டுமே தரும் கெட்பேரன்ட் போதாது, இதில்தான் அதிக நேரம் போனது. ஜாவாவின் சொந்த ஸ்ட்ரிங் கிளாஸைத் தேடியதும் நல்பாயின்டர் பிழை வந்தது, அதற்கு கோட்சோர்ஸே கிடையாது, சரி, ஒரு இஃப் போட்டேன்.

அப்புறம் என் கிளாஸைத் தேடினால் ஜார் இரண்டு இடத்தில்! பிளானில் (டிப்ளாய் அமைப்புக் கோப்பு) நான் இன்வர்ஸ் கிளாஸ்லோடிங், அதாவது மேல் லோடருக்கு முன் தன்னிடமே தேடும் முறை, போட்டிருந்ததால் வார் கோப்புக்குள் (வெப் ஆப்பின் பொதி) இருந்த ஜார் முந்திக்கொண்டது. அந்த ஜாரை எடுத்துவிட்டு டிப்ளாய் செய்தேன், பிழை போய்விட்டது.